கவனம் ஐயா போட்ட பேர்

அன்றைக்கு அந்த மேட்டில் நின்றவர்கள் என் அம்மா, பக்கத்துக் காம்பரா முத்தம்மா பெரியம்மா, அவருடைய மருமகள் சரோஜா அக்கா, நான், பிறகு கேமராக்காரர். இல்லாதவர் கணக்கப்பிள்ளை. கொழுந்தை நிறுப்பவரும் பேர் போடுபவரும் அவர்தான். அவர் கீழே எட்டாம் நம்பர் மலையில் மற்றப் பெண்களோடு இருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பனிமூட்டத்துக்குள் அவருடைய கறுப்புக் குடை மட்டும் தெரிந்தது.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குப் பேர் என்பது பெயர் மட்டுமில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பொழுதுக்கும் கொழுந்தெடுத்து, கேட்ட கிலோவைக் கொடுத்தால் அது ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப் பேர். சம்பளமும் தீபாவளி முற்பணமும் அந்தப் பேரைப் பார்த்துத்தான் வரும். அந்த மாதம் அம்மா காய்ச்சலில் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். இனி ஒரு நாளும் விடாமல் வேலைக்குப் போனால் முற்பணம் கிடைக்கும், ஒரு நாள் விட்டாலும் கிடைக்காது என்ற நிலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போகிறவன் நான். விடுதிக்கு முதலில் கட்ட வேண்டிய காசு அந்த முற்பணம்தான் என்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

கேமராக்காரருக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கவனம் ஐயா என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பெரிய எஞ்ஜினியர். லீவு கிடைக்கும் போதெல்லாம் பதுளைக்கு வந்து தங்குவார். நான் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரம், மலைப்பாதை தெரிந்த பையன் என்று என் ஆங்கில ஆசிரியர் என்னை அவரிடம் அனுப்பினார். ஒரு வருடத்துக்கு மேல் அவருடைய பையைச் சுமந்து வெலிமடை, லுணுகலை, பசறை என்று அலைந்தேன்.

அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபமாக இருந்திருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். சோற்றில் தலைமுடி கிடந்தால் வாயில் ஒன்று வருமே, அதுதான் வருகிறது. இத்தனைக்கும் அவர் யாரையும் அதட்டியவரில்லை. லயத்துச் சின்னப்பிள்ளையைக்கூட வாங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். எனக்குப் பேசிய கூலியை அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார். குறை சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் அகப்படாது. அவர் ரொம்பக் கவனமான மனிதர், அவ்வளவுதான்.

அந்தக் கவனத்தை நான் முதலில் பார்த்தது அவர் தங்கியிருந்த அறையில், பை அடுக்கும்போது. கேமரா பழைய காலத்து மாதிரி மரத்தால் செய்தது. மடித்தால் பிஸ்கட் டின் அளவுக்கு அடங்கும். விரித்தால் நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல ஒரு துருத்தி நீளும். ஃபிலிமும் சுருள் இல்லை, ஒவ்வொன்றும் தபால் அட்டையைவிடப் பெரிய ஒற்றைத் தாள். வெளிச்சம் படாத தட்டையான சட்டங்களில் அவற்றைப் போட்டு, சட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறையாகச் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் பஞ்சு வைத்து நிறுத்துவார். லென்ஸைச் சுற்றப் பழைய பருத்திச் சீலைதான் வேண்டும் என்றார். நன்றாகத் துவைத்து நைந்ததாக இருக்க வேண்டுமாம், புதுத் துணி கீறுமாம். அம்மா தன்னுடைய சீலை ஒன்றைக் கொடுத்தார். அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். எல்லாம் அடுக்கிய பிறகு பையை இலேசாக ஆட்டிக் காதை வைத்துக் கேட்பார், டாக்டர் நெஞ்சில் காது வைப்பதுபோல. உள்ளே ஏதாவது அசைந்த சத்தம் வந்தால் முழுவதையும் இறக்கி மறுபடி அடுக்குவார். அதன் பிறகு என் முதுகில் மாட்டி, அறைக்குள்ளேயே நடக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"கவனம் தம்பி. விழுந்தாலும் முகங்குப்புற விழும். மல்லாக்க விழாதேயும்."

அப்போது அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வேன் பிடித்துப் போகலாம்தான். வேன் குலுக்கும் என்று பஸ்ஸில்தான் போவார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சீட்டில் அதிர்ச்சி குறைவாம். ஜன்னலோரம் பை, பக்கத்தில் அவர், பையின் மேல் அவருடைய கை. நான் நின்றுகொண்டு போவேன். ஒருமுறை பசறை பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினார். கண்டக்டர் பையைக் காட்டி, இந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று சிங்களத்தில் நக்கலடித்தார். பஸ்ஸே சிரித்தது. கவனம் ஐயா தனக்கும் பைக்கும் வாங்கியிருந்த இரண்டு டிக்கெட்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முழு டிக்கெட் என்று மரியாதையாகக் காட்டினார். அந்தப் பெண் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது கவனம் ஐயா அந்தக் குழந்தையைப் பார்த்துப் புன்னகை செய்தார். நல்ல மனிதரின் புன்னகை.

எங்கள் லயத்துக்கு முதன்முதலாக அவர் வந்தபோது பெரிய கேமரா கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். முத்தம்மா பெரியம்மா பையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"காம்பராவாங்க? எங்க காம்பராவ வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க. கூரைதான் ஒழுகும்."

எல்லாரும் சிரித்தோம். அவருக்கு விளங்கவில்லை. பையில் ஒழுகல் ஏதும் இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தார்.

கடைசியில் எங்கள் காம்பராவைத்தான் எடுத்துக்கொண்டார். ஃபிலிம் தாளைச் சட்டத்தில் மாற்றுவதற்குத் துளி வெளிச்சமும் இல்லாத இடம் வேண்டும். அதற்கென்று கையை உள்ளே விட்டு மாற்றும் கறுப்புப் பை ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதற்குள் தூசி விழும் என்று சந்தேகம். எங்கள் கதவை மூடி, பலகை ஜன்னலை எங்கள் கம்பளிகளால் அடைத்து, கூரைத் தகரத்து ஆணி ஓட்டைகளுக்குக்கூடக் கடதாசி செருகினோம். அடுப்பையும் அணைக்கச் சொன்னார். சோறு பாதி வெந்திருந்தது. அம்மா தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, என் தங்கையோடு வெளியே தூறலில் நின்றார். கவனம் ஐயா உள்ளே போய் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்ததும் ஒரு சட்டத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, புகை மணம் ஃபிலிமில் ஏறுமோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அது மரியாதையில்லை. வாங்கிக் கையிலேயே வைத்திருந்து, ஆறி ஏடு கட்டிய பிறகு சுவரோரத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் அம்மாதான் அதை வாசலில் ஓடும் தண்ணீர்க் கானில் ஊற்றுவார்.

மேட்டுக்கதை தொடங்கியது ஒரு சாயங்காலம். நமுனுகுலை மலை பின்னால் தெரிய, கொழுந்துக் கூடையோடு மூன்று பெண்கள் நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று சொல்லிக் கவனம் ஐயா வந்தார். மேட்டில் வெளிச்சம் விழுவது காலையில். காலை வேலை நேரம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாதான் கேட்டார்.

"நாளைக்கி வேலை நாளுங்களே ஐயா. பேரு போட்ருவாங்களாங்க?"

"ஏன் போடாமல்? நான் துரையோட கதைச்சிட்டன் அம்மா. எல்லாற்ற பேரும் கட்டாயம் போடுவன்." பிறகு ஒரு நிமிடம் யோசித்து, "முழுப் பேரோ, கூப்பிடுற பேரோ?" என்று கேட்டார்.

"முழுப் பேருதாங்க," என்றார் பெரியம்மா. "நாள் முழுக்க வச்சிருந்துட்டு அரைப் பேரு போட்டா எப்புடிங்க?"

"சரி சரி. முழுப் பேர்தான்."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எங்களுக்கும் சந்தோஷம். வேலை செய்யாமலே ஒரு முழுப் பேர் என்று சரோஜா அக்கா பெரியம்மாவை இடித்துச் சிரித்தார். அம்மா இன்னொரு தடவை உறுதி செய்துகொள்வதுபோல என்னைப் பார்த்தார். தோட்டத்து மனேஜரான துரையோடு பேசியவர் சொல்லும்போது அதற்கு மேல் என்ன கேட்பது? நானும் தலையாட்டினேன்.

கூடை என்று அவர் சொன்னது பிரம்புக் கூடை. கொழுந்தெடுக்க இப்போது எங்களிடம் இருப்பதெல்லாம் நைலோன் பைகள். பை சரிவராது என்றார். லயம் லயமாகத் தேடி மூன்று பழைய கூடை கண்டுபிடித்தோம். அதில் ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்க்கச் சொன்னார். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். காலில் செருப்பு வேண்டாம் என்றார். ஒவ்வொன்றையும் தயவாகத்தான் கேட்டார். முத்தம்மா பெரியம்மா கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கோழி கொத்துவதற்குள் படம் எடுத்துவிடச் சொன்னார்.

முதல் நாள் மலை தெரியவில்லை. மத்தியானம் வரை நின்றோம். கேமராப் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஈரத்தில் நின்றார்கள். அட்டை காலில் ஏறிக்கொண்டே இருந்தது. பிடுங்கி எறிந்து எறிந்து அம்மாவின் கணுக்காலில் இரத்தம் கோடு கோடாக வழிந்தது. கவனம் ஐயா படம் எடுக்கும்போது தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கறுப்புத் துணியில் ஒரு அட்டை ஊர்ந்ததைப் பார்த்தபோதுதான் அவர் பதறினார். துணியை உதறி, துருத்தியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே ஒன்றும் போகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் மூச்சு விட்டார். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கும் வரவேண்டும் என்றார். அம்மா மறுபடியும் பேரைப் பற்றிக் கேட்டார். போடுவேன் என்று சொன்னேனே என்றார், கொஞ்சம் மனம் நொந்த குரலில்.

இறங்கும்போது எனக்குக் கை விறைத்துப்போயிருந்ததால் சரோஜா அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டார். கான் தாண்டுகிற இடத்தில் அவருக்குக் கால் வழுக்கியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடியே முழங்கையில் விழுந்தார். முழங்கை கல்லில் பட்டுத் தோல் பிய்ந்து தொங்கியது. கவனம் ஐயா ஓடிவந்து அக்காவின் கைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தார். திறந்தார். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். லென்ஸைச் சீலைத்துண்டிலிருந்து பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நல்ல பிள்ளை. பெட்டியை விடேல்லை."

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். துருத்தியில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்கு வைத்திருந்த கறுப்பு டேப்பை எடுத்து, எவ்வளவு தேவையோ அவ்வளவு அளந்து வெட்டிக் கொடுத்தார். அதை ஒட்டிக்கொண்டுதான் அக்கா மறுநாளும் வந்தார். படத்தில் தெரியாமல் இருக்க அந்தக் கையைக் கூடைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

இரண்டாம் நாள் மலை தெரிந்தது. அந்தக் கேமரா படம் எடுக்கிறபோது ஆள் அசையக் கூடாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி கவனம் ஐயா மூச்சையும் அடக்கச் சொன்னார். அடக்கினார்கள். காய்ச்சல் விட்டு அதிக நாள் ஆகாத அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் துணிக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்து, பரவாயில்லை, ஒரு தாள் போய்விட்டது, பரவாயில்லை என்றார். அந்தப் பரவாயில்லையை அவர் சொன்ன விதத்தில் அம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

சம்பளத்தன்று மூன்று பேருக்கும் இரண்டு நாள் பேர் இல்லை. கணக்கப்பிள்ளையிடம் போனோம். அவர் கெட்ட மனிதரில்லை. படம் பிடிக்க விடச் சொல்லித்தான் துரை சொன்னார், பேர் போடச் சொல்லி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். "மலைக்கி வராத ஆளுக்கு நா எப்புடிம்மா பேரு போடுறது?" என்று அவர் கேட்டார். அம்மா திரும்பி நடந்தார். லயம் வந்து சேர்ந்த பிறகு, ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்றார்.

போனில் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். நக்கலாக இல்லை, எதையோ கண்டெடுத்தவர்போலச் சிரித்தார்.

"அட, நான் சொன்னது படத்துக்குக் கீழை போடுற பேர் தம்பி. இவை சம்பளத்தையோ நினைச்சவை?" பிறகு, "அப்ப அரைப் பேர் எண்டால் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம் என்றேன். "அரைப் பேர்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"என்ன வடிவான சொல்," என்று ரசித்தார்.

அம்மாவின் முற்பணம் இந்த இரண்டு பேரில்தான் நிற்கிறது, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சேர் என்று கெஞ்சினேன். சொல்லவும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. இரண்டொரு நாளில் அவரே எடுத்து, பேர் பதியும் செக்ரோல் மூடியாகிவிட்டதாம், இனித் திருத்த ஏலாதாம் என்றார். அதைச் சொன்ன கையோடு, முத்தம்மா என்று எழுதும்போது 'த்' வருமா, முழுப் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து என்று கேட்டார். பிழை வந்துவிடக் கூடாதாம்.

அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் நான் கம்பஸுக்கு வந்தேன். அடுத்த வருடம் கவனம் ஐயா கொழும்பில் தன்னுடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். வரச்சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்று இருந்தது, போனேன்.

வாசலில் பெரிய எழுத்தில் காட்சியின் தலைப்பு இருந்தது. பேர்.

உள்ளே நடுச்சுவரில் அவர்கள் மூன்று பேரும் ஆளுயரத்துக்கு நின்றார்கள். அந்தக் கேமரா எதையும் விடவில்லை. அம்மாவின் கணுக்காலில் அட்டை கடித்த புள்ளிகள், கூடை விளிம்பில் ஒட்டியிருந்த கோழி இறகு, பின்னால் நமுனுகுலை. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே முன்னெழுத்தோடு அவர்களுடைய முழுப் பெயர்கள், ஒரு பிழையுமில்லாமல். படம் நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் வெளியே வந்து துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

கவனம் ஐயா வந்தவர்களுக்கு அந்தப் பேர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "முழுப் பேருதாங்க" என்று பெரியம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். நன்றாகத்தான் செய்தார். எல்லாரும் மெல்லச் சிரித்து, பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் தோளில் கை போட்டு, நடுவில் நிற்பவரின் மகன் என்று அறிமுகம் செய்தார். உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று ஒரு பெண்மணி கேட்டார். அம்மாவுக்கு இப்படியொரு படம் இங்கே தொங்குவதே தெரியாது. அதற்குள் படத்தின் சட்டம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, அந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியும். கவனம்."

நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் சொன்னார். பிறகு வேறு யாரோ வந்து பிடித்தார்கள். சட்டம் நேரானது.

அந்தப் பெண்மணி படத்தின் விலையைக் கேட்டார். அவர் ஒரு தொகை சொன்னார். அது என் காதில் சரியாக விழவில்லை. நான் அப்போது எங்கள் பக்கத்துத் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா அக்காவுக்கு இரண்டு பேர். பெரியம்மாவுக்கு இரண்டு பேர். அம்மாவுக்கு இரண்டு பேரும், தீபாவளி முற்பணம் பதினையாயிரம் ரூபாயும்.